தன் கடை இட்லியைத் தொடாத தேசம்மா அக்கா

தேசம்மா அக்கா போய்விட்டார். இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே...

வாட்ஸ்அப்பில் பார்த்ததும் நான் நம்பவில்லை. எங்கள் ஊர் குரூப்பில் ஒருமுறை உயிரோடு இருந்தவருக்கு ஆர்.ஐ.பி. போட்டு, அவரே வந்து தேங்க்ஸ் சொன்ன கதை உண்டு.

அக்காவின் மகளுக்கே போன் போட்டேன். "ஆமாண்ணே... சாயந்தரம் எடுக்குறோம். வந்துடு."

பழவேற்காட்டில் படகுகள் வந்து சேரும் கரைக்குப் பக்கத்தில் அக்காவின் இட்லிக் கடை. ஏரியிலிருந்து திரும்புகிறவர்கள், காட்டுப்பள்ளி துறைமுக ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள், எந்த ஷிஃப்டும் இல்லாத நான்... எல்லோருக்கும் காலை டிபன் அங்கேதான்.

அக்காவுக்கு மட்டும் இல்லை. தன் கடை இட்லியை அவர் தொடவே மாட்டார்.

பின்பக்கம் உட்கார்ந்து அவித்த முட்டையும் வறுத்த மடவை மீனும் சாப்பிடுவார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை வேர்க்கடலை. சோறு கிடையாது. எனக்குப் பிறவியிலேயே டிடெக்டிவ் மூளை (என் மனைவி இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்). கவனிக்காமல் விடுவேனா?

ஆனால் ஒருநாள் வாயைத் திறந்தது மீன் ஏலம் விடும் என் சிநேகிதன் முனுசாமி. "இன்னாக்கா, மாவுல இன்னா கலக்குற? நீயே தொட மாட்டேன்ற?"

"எனக்கு ஆவாது. மூடிக்கினு துண்ணுடா."

"ஆவாதுன்னா... இன்னா ஆவாது?"

அக்கா இட்லிப் பானையைத் திறக்கப் போய்விட்டார். இட்லி விற்கிறவரே இட்லி ஒத்துக்கொள்ளாது என்றால் யார் வாங்குவார்கள்? புருஷன் போன பிறகு அந்த ஒரு கடையை வைத்துத்தான் மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார்.

பேச்சு கரையெல்லாம் பரவியது. மாவில் சோடா என்றார்கள். பிறகு சோடாகூட இல்லை, வேறு என்னவோ என்றார்கள். பெஞ்சில் ஆள் குறைந்தது.

"ஒரு தபா துண்ணு காட்டுக்கா. நாங்க வர்றோம்," என்றான் முனுசாமி.

அக்கா முறைத்தார். தட்டு நிறைய இட்லி வைத்து, மடமடவென்று தின்று, காலித் தட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். கூட்டம் நிம்மதியாக உட்கார்ந்து ஆர்டர் போட்டது. நானும்.

வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம். அக்காவுக்குக் கை நடுங்கியது. வியர்வை கொட்டியது. பேச்சு குழறி, பெஞ்சோரம் சாய்ந்துவிட்டார்.

அவ்வளவுதான்! அன்றைக்குத் தின்ற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு நிஜமாகவே வலித்தது, சத்தியமாக.

வாந்தி எடுக்க வைக்கலாம் என்று முனுசாமி உப்புத் தண்ணீரோடு ஓடிவந்தான். அக்கா அதைத் தட்டிவிட்டு, "சக்கர... சக்கரடா..." என்று முனகினார். பக்கத்து டீக்கடைக்காரர் கரைத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து எங்களை வரிசையாகத் திட்ட ஆரம்பித்தார்.

"பாத்தியா... மாத்து மருந்து இன்னான்னு அதுக்குத் தெரிஞ்சிகீது!" என்றான் முனுசாமி என் காதில். நியாயமான டவுட்டாகத்தான் பட்டது.

பொன்னேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். டாக்டர் சொன்னது வேறு. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி இல்லையாம். இட்லி, சோறு என்று தின்றால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறும். உடம்பு பதறிப்போய் அதை அளவுக்கு மேல் இறக்கிவிடும். அதனால்தான் முட்டையும் மீனும் கடலையும், கொஞ்சம் கொஞ்சமாக. அக்காவுக்கு இது எப்போதோ தெரியும்.

சாப்பிட்டால் சர்க்கரை இறங்குமாமே! எங்கள் ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை.

மறுநாள் கடை திறந்திருந்தது. பெஞ்சு காலி. நாங்கள் எதிரே நின்று வேடிக்கை பார்த்தோம்... பசியோடு.

திருப்பாலைவனத்தில் கட்டிக்கொடுத்த மகள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஏழு மாத வயிறு. அக்கா அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, ஆவி பறக்க இட்லியை எடுத்து வைத்தார்.

"துண்ணும்மா." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நல்லாப் பாத்துக்கோங்கடா."

அவள் சாப்பிட்டாள். கரையே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"கார சட்னி இல்லியாம்மா?" என்று கேட்டாள்.

முனுசாமிதான் முதலில் போய் உட்கார்ந்தான். எங்கள் எல்லோருக்கும் வைத்து முடித்த பிறகுதான் அக்கா அவன் தட்டுப் பக்கம் வந்தார்.

போய் வாக்கா... இட்லி நல்லாத்தான் இருந்துச்சு.