உடைந்துபோன நடுக்கால்

பூச்சிப் படம் கீறுவது கழுத்துக்குக் கூடாத தொழில். கலியாண வீட்டில் சொல்லிக்கொள்ளத் தோதான தொழிலுமல்ல. லென்சுக்குக் கீழே ஒரு பூச்சியின் மீசை மயிரோடு மல்லுக்கட்டிய சகபாடிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எனக்கு இரவில் சாமான் கிடங்கில் வேலை. நித்திரை வராத பகல்களில் நானாகப் பழகியது இது.

என்ன தொழில்?

வெஸ்ட் ஈலிங்கில் ஒரு கலியாணம். பக்கத்துக் கதிரைப் பெரியவர் தொழிலைக் கேட்டார். “பூச்சி, ஐயா” என்று தொடங்கினேன். மிச்சத்தைச் சொல்ல விடவில்லை. “நல்லதாப் போச்சு தம்பி, எங்கட மெத்தையில மூட்டைப்பூச்சி. நாளைக்கு வர ஏலுமோ?”

முதல் வண்டு

ஒரு அருங்காட்சியகத்தில் ஹெலன் என்ற ஆய்வாளர், பள்ளிக்கூடங்களுக்கான பூச்சிச் சுவர்ப்படம் கீற ஆள் தேடினார். பரீட்சையாக ஒரு வண்டைத் தந்தார். அது சரிவந்தால் சுவர்ப்படம் எனக்கு. என் படம் எதுவும் அதுவரை ஒரு சுவரிலும் ஏறியதில்லை. இது ஏறவேண்டும் என்று வெறியே பிடித்தது.

அந்த இனத்தில் இதுவரை அகப்பட்டது அந்த ஒரு வண்டுதான். அதன் இடது நடுக்கால் உடைந்துபோயிருந்தது. இடமும் வலமும் ஒன்றுதானே என்று வலது காலைப் புரட்டி இந்தப் பக்கம் கீறி, மினுக்கிக் கொண்டுபோனேன். ஹெலன் லென்சை அந்தக் காலுக்கு மேலே கொண்டுபோனார். “அழகாக இருக்கிறது, ராஜன். ஆனால் இந்தக் காலை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?”

புள்ளிக்கால்

காணாத உறுப்பைப் புள்ளிக்கோட்டால்தான் காட்டவேண்டுமாம். தானாகப் பழகியவனுக்கு யார் சொல்லித்தருவது? இன்னொரு தவணை கேட்டு வாங்கி, முழுவதையும் திரும்பக் கீறினேன். ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸில், கூட வேலைசெய்யும் மன்னார் அன்ரன் படத்தை எட்டிப் பார்த்தான். புள்ளிக்காலில் விரலை வைத்தான். “அண்ணை, மை முடிஞ்சுபோச்செண்டு சொல்லியிருந்தா நான் பேனை தந்திருப்பனே.”

பரிசோதனை

ஹெலன் இந்தமுறை வண்டைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, மயிர் மயிராக ஒப்பிட்டார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. இந்த ஊரில் ‘இல்லை’ என்று கேட்டுப் பழகிய காது என்னுடையது. அன்றைக்கு மட்டும் அந்தச் சொல்லைக் கேட்க அது தயாராயில்லை. கடைசியில் லென்சைக் கீழே வைத்தார். “சுவர்ப்படத்துப் பூச்சிகளுக்கு ஆறு காலும் இருக்கும், ராஜன். பயப்படாமல் தொடங்குங்கள்.”

சுவர்

வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளிக்கூட நடைவழிச் சுவரில் அந்தப் படம் தொங்குகிறது. பார்க்கப் போனபோது ஒரு தாய் “சீ!” என்று விலகினா. என் மனைவி அவவின் கையைப் பிடித்து இழுத்தா. “தள்ளி நிக்காதேங்கோ அக்கா. கிட்ட வந்து அந்தக் குளவியின்ர செட்டையைப் பாருங்கோ. என்ர மனுசன் கீறினது!”

பகலில் நித்திரைகொள்ள வேண்டியவனின் பெயரை ஒரு குளவியின் காலடியில், லென்ஸ் இல்லாமல் வாசிக்க ஏலாத அளவு எழுத்தில், ஆனாலும் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்கள்.