எருசலேமில் வாசலில் விட்ட செருப்பு

வேதம் படிக்கக் கப்பலும் ரயிலுமாக எருசலேம் வந்த மறுநாளே, கர்த்தருடைய கல்லறைக் கோயிலுக்குப் போனேன். அருப்புக்கோட்டையில் எங்கள் கோயிலுக்குள் யாரும் செருப்போடு நுழைய மாட்டோம். அந்தப் பழக்கத்தில் என் புதுச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டேன். உள்ளே ஒருவன் கல்லறையருகே பூட்ஸோடு நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெபித்துவிட்டு வெளியே வந்தால் செருப்பைக் காணோம்.

சுடுகிற கல்தெருவில் வெறுங்காலோடு விடுதிக்கு நடந்தேன். உடன் படிக்கும் திருச்சுழிக்காரன் நடந்ததைக் கேட்டுச் சிரித்தான்.

"ஏலே, இங்க எல்லாரும் பூட்ஸோடதான உள்ள போறாக. நீ வாசல்ல விட்டா எவன் விட்டுவைப்பான்?"

"பூட்ஸோட நின்னவனப் பாத்துச் சிரி. என்னயப் பாத்துச் சிரிக்காத" என்றேன்.

இப்போதும் கழற்றத்தான் செய்கிறேன். ஆனால் செருப்பைத் துணிப்பையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறேன். கர்த்தருக்கு அது பிடிக்காவிட்டால், முதலில் வாசலுக்கு ஒரு காவல் போடட்டும்.