பத்து எண்ணும் வரை

பன்னீர்செல்வம் இன்ஹேலரைக் குலுக்கினால், எங்கே பூசை நடக்கிறது என்று வளைகுடாவின் அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் நாலு அறைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். டாக்டர் ஹாலிதா சொன்னது நாலு குலுக்கல். இவர் நாற்பது குலுக்குவார். மூச்சை முழுக்க வெளியே விட்டு, குழலை உதட்டில் கவ்வி, மருந்தை அழுத்தி நிதானமாக உள்ளே இழுப்பார். அதுவரை பழுதில்லை. அதன்பின் வாயை மூடிப் பத்து எண்ண வேண்டும். சிக்கல் அங்கேதான்.

மன்னார்குடிப் பக்கத்துக்காரர், கம்பெனி பிக்கப் ஓட்டுகிறார். அவர் வாய் மூடியிருந்ததை மனைவி வடிவுகூடப் பார்த்ததில்லை. மூன்று எண்ணுவதற்குள் யாராவது எதையாவது தப்பாகச் சொல்லித் தொலைப்பார்கள். "அட, அது அப்படியில்லய்யா" என்று திருத்தப் போவார். மருந்து புகையாகப் போய்விடும். அல் கூஸ் கொசுக்களுக்கு இன்றுவரை இரைப்பு வராததற்கு அவரே காரணம்.

இன்ஹேலரை வைக்கும் இடமும் லேசில் அமையவில்லை. முதலில் வண்டியின் டாஷ்போர்டு. ஆகஸ்ட் வெயிலில் அதைத் துண்டால் பிடித்துத்தான் எடுக்க முடிந்தது. "இது வெடிச்சா வண்டியோட மஸ்கட்ல போயி விழுவீக" என்றார் அறையில் சமைக்கும் பரமக்குடி கார்மேகம். குளிர்ச்சி தேடி அரிசி டின்னுக்குள் புதைத்தார். ஒருநாள் அது அரிசியோடு படியில் ஏறி, உலை வாசல்வரை போய்த் திரும்பியது. அன்றிலிருந்து மூடி போட்டுச் சட்டைப்பையில்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே புழுதிக்காற்று. மதியம் பன்னீர்செல்வத்தின் நெஞ்சுக்குள் பூனை கத்தியது. இரண்டு மணிக்கு சூப்பர்வைசர் ஸ்ரீனிவாசன் வருகிறார். அவரைப் புஜைராவுக்குக் கொண்டுபோக வேண்டும். "இன்னொரு தடவ ஸ்டியரிங்ல உக்காந்து மூச்சு வாங்கினீர்னா கலாஸ், வேல முடிஞ்சுது, ஊருக்கு டிக்கெட்தான்" என்று போன வாரமே சொல்லியிருந்தார் அவர்.

சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து முதல் மருந்தை இழுத்தார்.

"இன்னிக்கு வியாழக்கிழமதானே?" என்றார் கார்மேகம்.

"வெள்ளிய்யா" என்றார் பன்னீர்செல்வம். புகை போயிற்று.

"மன்னிச்சுக்கங்கண்ணே. இனி வாயே தெறக்கல. நீங்க இழுங்க."

ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கி, இழுத்து, வலது கைக் கட்டைவிரலால் விரல் கணுக்களை எண்ணத் தொடங்கினார். கார்மேகம் மீன் குழம்புச் சட்டியோடு வந்தார். கொடுத்த வாக்கு அடுப்படியிலேயே மறந்துபோயிருந்தது.

"எங்க பக்கத்துக் கொழம்புண்ணே. ஒங்க ஊர்ல சாம்பார்ல மீனப் போட்டுட்டு அதயும் கொழம்புங்குறாக."

கட்டைவிரல் நாலாவது கணுவில் நின்றது. பன்னீர்செல்வத்தின் கண்கள் பிதுங்கின, கன்னம் பூரிபோல் உப்பியது, மீசை துடித்தது. ஐந்து. ஆறு. கார்மேகம் கரண்டி நிறைய மொண்டு தட்டை நோக்கிக் குனிந்தார்.

கட்டைவிரல் ஏழாவது கணுவுக்குப் போயிற்று. இடது கை நீண்டு வந்து, சோற்றுத் தட்டை இறுக்கமாக மூடிக்கொண்டது.