மேல்மாடி ஹன்னாவும் என் பொறாமையும்

மேல்மாடி ஹன்னா காலமான செய்தியை என் மகள் சஹானாதான் கொண்டுவந்தாள். "அம்மா, ஹன்னா போயிட்டா" என்று வாசலிலேயே நின்று அழுதாள். அவளை அணைத்துக்கொண்டேன். எனக்காக இவள் இப்படி அழுவாளா என்றுதான் முதலில் நினைத்தேன். இங்கே சுவிஸில், வின்டர்தூரில், எங்கள் கட்டிடத்தில் ஹன்னாவை அறிந்தவர்கள் என்னைக் கோபிக்கலாம். ஆனால் அவருக்கு எழுதும் இந்த அஞ்சலியில் பொய் எழுத மனமில்லை.

சென்ற ஆண்டு சஹானா பள்ளிக்கூட வேலை ஒன்றுக்காக அவரிடம் கதை கேட்கப் போனாள். திரும்பி வந்து, நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் சொன்னாள். நாஜிகளின் வதைமுகாமில் இருந்தபோது ஹன்னாவுக்குப் பதினாறு வயது. கடும் காய்ச்சல். காலையில் கைதிகளை வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள். விழுந்தவர்களைக் கொண்டுபோவார்கள், அவர்கள் திரும்புவதில்லை. இருபுறமும் நின்ற இரண்டு பெண்கள் தங்கள் தோள்களால் நெருக்கி, அவரை விழாமல் நிறுத்திவைத்தார்கள். போர் முடிந்தபின், உடம்பு தேறுவதற்காக சுவிஸுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளோடு ஹன்னாவும் வந்தார்.

"அந்த ரெண்டு பேரும் தப்பினவையோ எண்டு அவவுக்குத் தெரியாதாம் அம்மா."

நானும் முள்கம்பிக்குள் இருந்தவள். இலங்கையில் எங்கள் போர் முடிந்த ஆண்டில், வவுனியா முகாமில், விசாரணை என்று என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் இன்னும் வரவில்லை. முகாமைப் பற்றி இங்கே பிறந்த என் மகள் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றும் அவளிடம், "கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன்.

அதன்பின், ஹன்னாவைத் தேடி மாணவர்கள் படியேறும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஒருநாள் கீழே சலவை அறையில் வைத்துக் கேட்டுவிட்டேன். "உங்களிடம் மட்டும் எல்லோரும் வந்து கேட்கிறார்களே?"

"என்னை எடுத்து வளர்த்தவர்கள், பாலைக் குடி, எல்லாவற்றையும் மறந்துவிடு என்றார்கள். பாலைக் குடித்தேன்" என்றார். "பல வருடம் யாரும் கேட்கவில்லை. பிறகு நானாகவே சொல்லத் தொடங்கினேன். இந்தப் போர்வையின் அந்த நுனியைப் பிடி."

பிடித்தேன். அவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து பஸ்ஸில் வரும்போது சஹானா பக்கத்தில் இருந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு ஒரு மாமா இருந்தவர்" என்றேன். "முகாமிலை அவர்தான் எனக்காகத் தண்ணி வரிசையிலை நிக்கிறவர்."

கைபேசியைப் பைக்குள் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவள், "ஹன்னாவுக்கு இதெல்லாம் சொன்னனீங்களோ?" என்றாள்.

"இல்லை. உனக்குத்தான் முதல்."

இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தோம். யாரும் கேட்கும்வரை காத்திராமல் தொடங்குவது, அதுதான் ஹன்னாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது. பொறாமையும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.