குளிரில் உடைகிற ரத்தம்

மார்கழிப் பனியில் உளுந்துக் காட்டுக்குப் போய்வந்த என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி நீலம் பாரித்திருந்தது. அடுப்புப் பக்கம் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. கழுத்தில் நெறி கட்டின மாதிரி வந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்து, அப்போதுதான் மருந்தேற்றி முடித்திருந்தோம். அந்த நோய்க்கு முன்னால் இதெல்லாம் ஒரு நோயா என்று விட்டுவிட்டோம்.

பொங்கலுக்குள் கண் மஞ்சளானது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. எங்கள் ஊர் நாகலாபுரத்தில் எல்லோரும் மஞ்சள்காமாலை என்றார்கள். நானும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். நாலெட்டு நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்கியது. கோவில்பட்டிக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரையில் டாக்டரம்மா அவர் ரத்தம் இருந்த சின்னக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் காட்டினார். ரத்தம் குறுமணலாய்த் திரண்டு உள்ளே ஒட்டியிருந்தது. அதை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டே பேசினார். கட்டி முழுசாகப் போகவில்லை, அதனால் உடம்பில் ஊறுகிற ஏதோ ஒன்று, குளிர் பட்டதும் இவர் ரத்தத்தை இவருக்குள்ளேயே உடைக்கிறது என்றார். கையைத் திறந்தபோது, உள்ளங்கைச் சூட்டில் இளகி ரத்தம் குழாயில் தண்ணீராய் ஓடியது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

வேறு ரத்தத்தைச் சூடுபடுத்தி ஏற்றினார்கள். மறுபடி மருந்து. குளிர் படவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சித்திரையில், கரிசல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கையில், மருந்துக்குப் போகும் பஸ்ஸில் அவர் கம்பளிச் சட்டையும் காலுறையுமாய் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

ஐப்பசியில் மழை இறங்கியது. ஊரே அதற்காகத்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவரும்தான். நான் ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்தினேன்.

"ஏட்டி, கதவ லேசாத் தெற. மண்ணு வாசமாவது புடிச்சுக்கிடுதேன்."

"கை சில்லிட்டுப் போவுமே."

"போவட்டும். இந்த வருசம் வெதைக்கத்தான் முடியல."

கதவை ஒருக்களித்து வைத்தேன். போர்வைக்குள் கைவிட்டு, மழை விடும்வரை அவர் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தை பிறப்பதற்கு முன்னால் கட்டி வயிற்றுக்குள் பரவி, அவர் போய்விட்டார். ரத்தத்தால் இல்லை, கட்டியால்தான் என்று டாக்டரம்மா சொன்னார்.

நிலத்தை இப்போது அவர் தம்பி விதைக்கிறார். எனக்கு மழைச் சத்தம் கேட்டால் போதும், எழுந்து போய்த் தண்ணீரைச் சுட வைத்துவிடுகிறேன். கொதிக்கத் தொடங்கின பிறகுதான் யாருக்கு என்று தோன்றும். அடுப்பை அணைக்க மனசு வராமல், தண்ணீர் வற்றுகிற மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.