பாடைக்குப் பத்துப் பேர்

சானிடரி இன்ஸ்பெக்டராக நான் ஏரலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. ஜெர்மன் யுத்தம் முடியும் தறுவாயில் வந்த விஷக் காய்ச்சல் காலம். சாவுக்குப் பத்துப் பேருக்கு மேல் போகக்கூடாது என்று எங்கள் மேலதிகாரி தண்டோரா போடச் செய்திருந்தார். அதை நடத்திக் காட்டுவது என் உத்தியோகம்.

இறந்தவர் பாத்திரக்கடைப் பிள்ளை. ஊரில் பாதி அவருக்குச் சொந்தம், மீதி வாடிக்கை. அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் 'இன்ஃபெக்ஷன்' என்று ஆரம்பித்தேன். ஒருவரும் அசையவில்லை. பிள்ளையின் சம்சாரம் பார்வதி ஆச்சி வெளியே வந்தார்.

"கூடி நின்னா ஒட்டுமா தம்பி?"

"ஒட்டும் ஆச்சி. ஒருத்தர் இருமினாப் போதும்."

ஆச்சி கூட்டத்தைப் பார்த்தார். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. அவுக கோவிச்சுக்கிட மாட்டாக."

மேளமில்லாமல் பத்துப் பேரோடு பாடை ஆற்றங்கரைக்குப் போனது. அது தெரு முனை திரும்பும்வரை ஆச்சி வாசலிலேயே நின்றார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அந்த வாரமே சந்தை மைதானத்தில் யுத்த நிதிக் கூட்டம், ஜனங்கள் திரளாக வரவேண்டும் என்று தண்டோரா. போடச் சொன்னவர் அதே மேலதிகாரி. கடைத்தெரு சும்மா இருக்குமா?

"ஏன் வே இன்ஸ்பெக்டரே, பாடைக்குப் பின்னால போனா ஒட்டுத காய்ச்சல், நாக்காலியில உக்காந்தா ஒட்டாதோ?" என்றார் ஜவுளிக்கடை அண்ணாச்சி.

"நம்ம பயலுவளும் சண்டையில கெடக்கானுவ. கூட்டம் வேண்டாமா?" என்றார் எதிர்க்கடைக்காரர்.

"வேணும்னா பிள்ளை சாவுக்கும் நாம போயிருக்கணும் வே."

சாயங்காலம் ஆச்சி மகனை அனுப்பி என்னை வரவழைத்தார்.

"நான் சண்டைக்குக் கூப்பிடல தம்பி. ஒட்டும்னு சொன்னது நெசமா, இல்ல எங்களை விரட்டச் சொன்னியளா?"

"நெசந்தான் ஆச்சி."

"அப்பம் அதை அங்கன போயிச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். அதிகாரி பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார்.

"உத்தரவு சாவுக்குத்தானேய்யா. கூட்டத்தைப் பத்தி அதுல என்ன இருக்கு?"

"காய்ச்சல் உத்தரவை வாசிச்சுட்டு வராதுங்க ஐயா."

"வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகல. உமக்கு இந்த வேலை பிடிக்கலையா?"

கும்பிட்டுவிட்டுத் திரும்பி, நடந்ததை ஆச்சியிடம் போய்ச் சொன்னேன்.

கூட்டத்தன்று மேடை நிறைய மிராசுதார்கள், மாலைகள். மைதானத்தில் நானும் இரண்டு மாடுகளும். ஜனங்களெல்லாம் சுற்றியுள்ள கடைகளில், ஆளுக்கொரு வாசலில் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

"எங்கய்யா எல்லாரும்?" என்றார் அதிகாரி.

ஜவுளிக்கடை அண்ணாச்சி கும்பிட்டார். "இங்கனயே நின்னு கேக்கோம். சத்தமாப் பேசுங்க ஐயா."

அவரும் சத்தமாகப் பேசினார். தொண்டை கமறி இருமல் வந்தது. இருபுறமும் இருந்த மிராசுதார்கள் நாற்காலிகளைப் பைய நகர்த்திக்கொண்டார்கள். அதிகாரி இடமும் வலமும் பார்த்தார். கடைவாசல்களைப் பார்த்தார். பிரசங்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

மறுநாள், காய்ச்சல் அடங்கும்வரை எந்தக் கூட்டமும் கிடையாது என்று அவரே உத்தரவு போட்டார். என் வேலையும் போகவில்லை.

பிற்பாடு காலரா, அம்மை என்று எத்தனையோ உத்தரவுகளை ஊர் ஊராகச் சுமந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாங்கும்போது, "இது நமக்கும் சேர்த்துத்தானே ஐயா?" என்று கேட்டுவிடுவேன். சில அதிகாரிகளுக்குக் கோபம் வரும். ஆமாம் என்றவர்களின் உத்தரவை நடத்திக் காட்ட நான் எந்த வாசலிலும் போய் நிற்க வேண்டியிருந்ததில்லை.