பூப் பக்கமும் மலைப் பக்கமும்

கொழும்பில் ஒரு யப்பான் ஓவியர் வாழ்நாள் முழுக்க வரைந்ததையெல்லாம் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. குளிரூட்டிக்காகப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் சுவராகப் பூவும் மலையும். ஓரிடத்தில் என் கால் நின்றுவிட்டது. குளக்கரையில் ஊதாப் பூக்கள், அக்கரையில் மலை. இந்தப் படத்தை நான் கத்தரியால் இரண்டாக வெட்டியிருக்கிறேன்.

மன்னார் பள்ளிமுனையில் அப்பா படகு இயந்திரம் வாங்கிய கடையில் வருசா வருசம் யப்பான் கலண்டர் கொடுப்பார்கள். வழுவழுப்பான தாள், முகர்ந்தால் மருந்து வாசம். மாதம் முடிந்த தாள் எங்கள் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு உறையாகிவிடும். பெரிய தாள் என்பதால் ஒன்றில் இரண்டு கொப்பிக்குப் போடலாம். ஒன்று எனக்கு, மற்றது வகுப்பில் என் பக்கத்தில் இருந்த நஸீமாவுக்கு.

இந்தப் படம் இருந்த தாளை வெட்டியபோது, கலண்டர் எங்கள் வீட்டுடையது அல்லவா, பூப் பக்கத்தை நானே எடுத்துக்கொண்டேன். மலையே இல்லாத மன்னாரில் பிறந்த பிள்ளைக்கு மலையை வைத்து என்ன செய்வது?

"இது மண்கும்பி மாதிரிக் கிடக்கு. பூவ எனக்கு மாத்தித் தாவன்" என்று நஸீமா தினமும் கேட்பாள். நான் மகா கஞ்சல். நாளைக்கு, நாளைக்கு என்று ஏய்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவள் அழுதேவிட்டாள்.

"திங்கக்கிழமை கட்டாயம் தாறன், மாதா மேல ஆணை."

"மறந்திடாத, என்ன?"

அந்தச் சனி, ஞாயிறுக்குள் தோளில் துவக்கோடு வந்தவர்கள் முஸ்லிம் சனத்தை மன்னார்த் தீவை விட்டே போகச் சொன்னார்கள். துவக்கு வைத்திருந்தது எங்கள் தமிழ் ஆட்கள்தான். கையில் அகப்பட்டதோடு சனம் படகேறியது. அப்பா குசினி அடுப்படிக்குள் போய் அழுதார், வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் யாருமே சொல்லவில்லை.

திங்கட்கிழமை நான் உறையைக் கழற்றி, மடியாமல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். நாங்கள் இருவர் இருக்கும் வாங்கில் நான் மட்டும் இருந்தேன்.

பிறகு சண்டை வந்து நாங்களும் ஓடினோம். பூப் பக்கமும் வீட்டோடு போயிற்று. வளர்ந்த பிறகு, படகேறிய சனம் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் போய் விசாரித்தேன். நிறைய நஸீமாக்களைக் காட்டினார்கள். எவளும் அவளில்லை. மன்னாரில் அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது எருக்கலை நிற்கிறது.

"அம்மா, ஏன் இவ்வளவு கிட்டப் போய்ப் பாக்கிறீங்கள்?" என்றாள் மகள்.

"வெட்டின இடத்தத் தேடுறன்."

அவளுக்கு விளங்கவில்லை. வாசலில் அதே படத்தைத் தபாலட்டையாக விற்றார்கள். ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பேனையை எடுத்து நஸீமாவின் பெயரை எழுதினேன். பெயருக்குக் கீழே எழுத என்னிடம் ஒரு ஊர் இல்லை.